சொல்லால் கொடுத்த பேக்கரி

பெரியவாப்பா கழுவிய கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, பேக்கரியின் திறப்புக்கொத்தை மகளின் உள்ளங்கையில் வைத்து, அவளுடைய விரல்களைத் தானே மூடிவிட்ட அந்த நிமிடம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து எல்லோரும் அவருடைய வீட்டில் சாப்பிட்டு எழுந்த நேரம். என் வாப்பா, உம்மா, நான், பேக்கரியில் மா குழைக்கும் இருவர், இத்தனை பேரும் பார்க்கத்தான் கொடுத்தார். "இண்டையில இருந்து பேக்கரி மகளுக்கு. போறணையும் அவளுக்கு, மெஷினும் அவளுக்கு, பேரும் அவளுக்கு. நான் ஹயாத்தோட இருக்கேக்குள்ளயே குடுத்திட்டன். எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்க" என்றார். முதல் ஆளாக "அல்ஹம்துலில்லாஹ்" சொன்னவர், அண்ணனை "நானா" என்று கூப்பிடும் அவருடைய ஒரே தம்பி, என் வாப்பா.

நாங்கள் கற்பிட்டிக்காரர்கள். பெரியவாப்பாவின் மனைவி முன்பே மௌத்தாகிவிட்டார். ஆண் பிள்ளை இல்லை. ஒரே மகள், எனக்கு மூத்தவள், ராத்தா முறை. பேக்கரி நின்ற நிலம் பள்ளிவாசலுடையது, குத்தகைக்கு எடுத்தது. அதன்மேல் இருந்த மற்ற எல்லாம் அவர் உழைத்துச் சேர்த்தவை. கடலுக்குப் போகிறவர்கள் பாண் வாங்கிக்கொண்டுதான் வள்ளம் தள்ளுவார்கள் என்பதால், ஒருநாள் பாண் சூடாக இல்லாவிட்டால் கடற்கரையே அவரை ஏசும். அவரும் சும்மா இருக்க மாட்டார். "மீன் படாட்டியும் என்ட பாணிலதான் பழி" என்று திருப்பிக் கொடுப்பார். ராத்தா படிப்பை முடித்துவிட்டு விளையாட்டாகத்தான் கடைக்கு வரத் தொடங்கினாள். கொஞ்சக் காலத்தில் ஹோட்டல்காரர்கள் கேட்கும் கேக் வகைகளெல்லாம் அவள் பொறுப்பில் வந்தன. ஊர் ஊராகப் பாண் கொண்டுபோக முச்சக்கர வண்டிகள் வாங்கியதும் அவளுடைய யோசனை. பெரியவாப்பாவின் வியாபாரம் வளர்ந்தது அவளால்தான் என்று அவரே எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

அவர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் தெருமுனையில் ஒரு ஹாட்வெயார் கடை. அதன் முதலாளி திடீரென்று மௌத்தானதும் பிள்ளைகள் ஆளுக்கொரு பூட்டுப் போட்டார்கள். உள்ளே அடுக்கியிருந்த சீமெந்து மூட்டைகள் கல்லாகிப் போயின. அந்த வழியால் போகும்போதெல்லாம் பெரியவாப்பா நின்று பார்ப்பார். "மனுசன் மௌத்தானா அடக்கிப் போடுறாங்க. கடை மௌத்தானா அடக்கவும் ஆளில்ல" என்பார். பாண் சுடும் தன்னுடைய போறணை அடுப்பு அப்படி ஆறிப்போகக் கூடாது என்ற பயம் அவருக்கு.

நான் புத்தளத்தில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். சிறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுக்கும் பகுதி. கடன் கேட்டு வருகிறவரிடம் "உங்களுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள்?" என்று கேட்பதும் என் வேலைதான். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காத முதலாளியை நான் இன்னும் காணவில்லை. மௌத்தைப் பற்றிக் கதைத்தால் அது வாசலுக்கே வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். பெரியவாப்பா அப்படிப்பட்டவர் இல்லை என்ற தைரியத்தில், "நொத்தாரிசிட்டப் போய் ஒரு உறுதிக் கடதாசி எழுதிருங்க பெரியவாப்பா" என்றேன். அவர் சிரித்தார். "எழுதினா உன்ட வாப்பா என்ன நினைப்பான்? நானா என்னை நம்பல்ல எண்டு நினைக்க மாட்டானா? அவன்ட கண்ணுக்கு முன்னால குடுத்தன். அவன்தான் என்ட கடதாசி." எங்கள் பக்கத்தில் சொந்தத்துக்குள் எழுதிக்கொள்வது பகையை முன்கூட்டியே கூப்பிட்டு உட்கார வைப்பது மாதிரி. அதனால் நானும் விட்டுவிட்டேன். என் வாப்பாவை அவர் அப்படிச் சொன்னது அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கொடுத்ததை எடுத்துக்கொள்ள ராத்தாவுக்குத்தான் மனம் வரவில்லை. காலையில் அவளே கடை திறப்பாள், மாவுக்காரனிடம் விலை பேசுவாள், ஆட்களுக்குச் சம்பளம் கொடுப்பாள். மாலையில் கடையைப் பூட்டித் திறப்பைத் தன் வாப்பாவின் கையில் வைத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். "உன்ட கடை மகள், நீயே வெச்சிக்கோ" என்று அவர் தள்ளுவார். "உங்கட கையில இருந்தாத்தான் பரக்கத்து வாப்பா" என்று அவள் மறுபடியும் வைப்பாள். காசு லாச்சிக்குப் பின்னால் இருந்த அவருடைய கதிரையில் ஒரே ஒரு தடவை, கால் வலி தாங்காமல், உட்கார்ந்துவிட்டாள். அந்நேரம் பார்த்து நானும் என் வாப்பாவும் உள்ளே போனோம். "ஆ, முதலாளியம்மா! நானா இன்னும் ஹயாத்தோடதான் இருக்கார், தெரியுமா?" என்று வாப்பா பகிடி விட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். ராத்தா விறுக்கென்று எழும்பி, "இல்ல சாச்சா, சும்மாதான்" என்றாள். பிறகு அந்தக் கதிரையில் அவள் உட்கார்ந்ததை யாரும் பார்க்கவில்லை.

பெரியவாப்பா அசர் தொழுகைக்குப் போகும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து மௌத்தானார். துக்கம் ஆறுவதற்கு முன்பே எங்கள் வீட்டில் வாப்பாவின் கதை மாறத் தொடங்கியது. மார்க்கப்படி அவருடைய சொத்தில் ஒரே மகளுக்குப் பாதி, மற்றப் பாதி சகோதரனுக்கு. "அல்லாஹ் தந்த பங்கை வேணாம் எண்டு சொல்ல நான் ஆரு?" என்றார். தன் வாப்பா உயிரோடு இருக்கும்போதே தனக்குக் கொடுத்துவிட்டாரே என்றாள் ராத்தா. அப்படிக் கொடுப்பதை ஹிபா என்போம். அதையும் மார்க்கம் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கொடுத்த பொருள் வாங்கியவரின் கைவசம் போயிருக்க வேண்டும்.

பள்ளிவாசலில் எங்களை இருத்தி விசாரித்த மௌலவி, எங்கள் ஹஸ்ரத், நல்ல மனிதர். யார் பக்கமும் சாயாமல் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். பேக்கரியைக் கொடுத்ததை என் வாப்பா மறுக்கவில்லை. "குடுத்தார்தான் ஹஸ்ரத். ஆனா விடல்லயே. மௌத்தாகும் வரைக்கும் கதிரையும் திறப்பும் அவர்ட கையிலதானே இருந்திச்சு" என்றார். ஹஸ்ரத் என் பக்கம் திரும்பினார். "நீங்க பேங்கில வேலை செய்றவர். நிதானமாச் சொல்லுங்க, திறப்பு ஆருட கையில இருந்தது?"

"பெரியவாப்பாட கையில" என்றேன்.

"கதிரையில?"

"அவர்தான் இருந்தார்."

நான் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. அவள் திறப்பை ஏன் திருப்பிக் கொடுத்தாள், கதிரையிலிருந்து யார் விட்ட பகிடிக்கு எழும்பினாள் என்பதையெல்லாம் நான் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். யாரும் கேட்கவில்லை. திரைக்குப் பின்னால் இருந்த ராத்தா, "நான் மரியாதைக்குத்தானே" என்று தொடங்கி, முடிக்காமல் விட்டாள். அவளுடைய மரியாதையையே எடுத்து அவளுக்கு எதிராகச் சாட்சி வைத்தோம்.

ஹிபா நிறைவேறவில்லை என்று முடிவானது. பேக்கரியை இரண்டாக வெட்ட முடியாது. அவளுடைய பாதிக்கு விலை கொடுத்து நாங்களே எடுத்துக்கொண்டோம். விலை மதித்தவன் நான். வங்கியில் மதிக்கிற முறைப்படிதான் மதித்தேன். போறணைக்கும் வண்டிக்கும் விலை போட்டேன், அவள் உழைத்த உழைப்புக்குப் போட அந்த முறையில் இடம் இல்லை. ராத்தாவின் கணவர், என் மச்சான், கட்டாரில் இருந்தபடியே, சொந்தத்துக்குள் சண்டை வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். ராத்தா ஆலங்குடாவில் மச்சானின் காணிக்குக் குடிபோய், முற்றத்தில் சின்னதாக ஒரு போறணை கட்டி, வீதியோரம் பணிஸ் சுட்டு விற்கிறாள். எங்களோடு அவள் கோபித்துக்கொள்ளவே இல்லை. கோபித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பெருநாளைக்கு வருகிறாள், உம்மாவுக்கு உதவியாகக் குசினியில் நிற்கிறாள், நான் வெட்கத்தில் பள்ளிக்குப் போவதுபோல வெளியே போய்விடுகிறேன்.

இந்த மாதம் வாப்பாவுக்குத் திடீரென்று ஓர் அவசரம் வந்தது. "உன்ட தங்கச்சிக்கு வீடு குடுத்தாச்சு. பேக்கரியை உன்ட பேருக்கு எழுதிடணும். நாளைக்கு ஆரும் பங்கு எண்டு வரப்படாது" என்றார். புத்தளத்தில் நொத்தாரிசிடம் கூட்டிப்போனேன். ராத்தாவுக்கும் பாதியை எழுதுங்கள் வாப்பா என்று சொல்வதற்கு வழி முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வாகனம் ஓட்டினேன். வாப்பா உறுதியின் ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டச் சொன்னார். கைவசமும் இன்றே ஒப்படைக்கப்பட்டது என்ற வரி இருக்கிறதா என்று இரண்டாம் முறையும் கேட்டார். இருந்தது. "இப்பதான் நிம்மதி. நானா மாதிரி வாய்ச்சொல்லில விட்டுட்டுப் போகப்படாது" என்றார். நொத்தாரிசு பேனையை என் பக்கம் நீட்டினார். நான் ஒத்திகை பார்த்த எதையும் சொல்லவில்லை. ஏற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வைத்தேன்.

திரும்பி வரும்போது ஆலங்குடாவில் வாப்பா வாகனத்தை நிறுத்தச் சொன்னார். "பசிக்குது. நானாட கைப்பக்குவம் அவளுக்குத்தான் வந்திருக்கு. எங்கட பேக்கரியில அது இல்ல" என்றார். ராத்தா மாக் கையோடு ஓடி வந்தாள்.

"சாச்சா, எங்க போய்ட்டு வாறீங்க? முகமெல்லாம் வாடிக் கிடக்கு."

"ஆஸ்பத்திரிக்கு மகள்" என்றார் வாப்பா.

உறுதி பின் இருக்கையில் உறைக்குள் கிடந்தது. ராத்தா, என்ன வருத்தம் என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தாள். அந்த நேரத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம், திறந்தேன்தான்.

"ஓம் ராத்தா, பிரஷர் கொஞ்சம் கூட" என்றேன்.

அவள் உள்ளே போய், போறணையிலிருந்து அப்போதுதான் எடுத்த பணிஸ்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். நான் நீட்டிய காசைக் கையோடு தள்ளிவிட்டாள். "வருத்தக்காரர்ட்டக் காசு வாங்குறதா? கொண்டுபோங்க தம்பி" என்றாள். பிறகு ஜன்னலுக்குள் குனிந்து, "மருந்தை ஒழுங்காக் குடிங்க சாச்சா. நான் ஒவ்வொரு தொழுகையிலயும் உங்களுக்குத்தான் துஆ கேட்கிறன். வாப்பாக்குப் பிறகு எனக்கெண்டு நீங்கதானே இருக்கிறீங்க" என்றாள்.

வாகனம் நகர்ந்ததும் வாப்பா பையைத் திறந்து ஒன்றை எடுத்துத் தின்றார். இன்னொன்றை என்னிடம் நீட்டினார். சூடு ஆறாமல் இருந்தது. நானும் தின்றேன்.