மண்ணூர் டூ-சீட்டரும் மூணு நாட்டு சிநேகிதமும்

இல்ல சார், தப்பு. பழைய ஸ்போர்ட்ஸ் கார்காரங்களுக்கு கடுதாசி எழுதறத, வெளிநாட்டுக்காரன் கிட்ட ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டு கையேந்தறதுன்னு நீங்க சொல்றது தப்பு. அது ஒரு வேலை. கையில கிரீஸ் படாத வேலைன்னு நெனச்சுத்தான் நானும் ஒத்துகினேன். இப்ப பாருங்க, ஏரோகிராம் பூரா கிரீஸ் ரேகை.

படிக்கறவங்களுக்கு சொல்லிடறேன். சார்னா மெட்ராஸ் பழைய கார் கிளப்போட செயலாளர். எங்கம்மாவோட தம்பி தேவராஜ் மாமா மண்ணூர்ல லேத் பட்டறை வெச்சிருக்காரு. அவர் கிட்ட ஒரு இங்கிலீஷ் டூ-சீட்டர் இருக்கு. ஏற்காட்டுல ஒரு எஸ்டேட்ல கோழி முட்டை போட்டுகினு இருந்த வண்டி. ஆறு வருஷம் மல்லுக்கட்டி ஓட வெச்சாரு. பூந்தமல்லியிலேருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கிளப் நடத்தற ஞாயித்துக்கிழமை ஓட்டத்துல அத ஒரு தடவ ஓட்டணும், அவ்ளோதான் அவர் ஆசை. சார் இன்னா பண்ணாரு? எங்களுக்கு எழுதற ஒரு இலங்கைக்காரர் கூட கடுதாசிப் போக்குவரத்த நிறுத்தினாத்தான் வண்டிக்கு எடம்னு கண்டிஷன் போட்டுட்டாரு.

அந்த கடுதாசிங்கள எழுதறவ நான்தான். தண்டலம் பக்கம் ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கறேன். கிளப் தாள்ல இத போட மாட்டாங்க, அதான் நம்ம காலேஜ் பத்திரிகையில எழுதறேன். வூட்ல பழைய வண்டிய வெச்சுகினு அவதிப்படற எல்லாரும் என் கட்சின்னு நம்பறேன்.

ஸ்டெப்னி பெரியவரு

பழைய புக்கு கடையில கெடச்ச ஒரு இங்கிலீஷ் கார் புக்குல, இதே மாடல் வண்டி வெச்சிருக்கற மூணு பேரோட அட்ரஸ் இருந்துச்சு. "மூணு பேருக்கும் போடு"ன்னாரு மாமா. மொத கடுதாசி இங்கிலாந்துல ஆர்தர்னு ஒரு ரிடையர்டு வாத்தியாருக்கு. மாமா சொல்லச் சொல்ல அப்படியே இங்கிலீஷ்ல எழுதினேன்: எஞ்சின் நல்லா இருக்கு, ஸ்டெப்னிதான் ரொம்ப பழசு, காத்து நிக்கறதில்ல, டிக்கியிலயே கெடக்குது.

நமக்கு ஸ்டெப்னின்னா மாத்து டயரு. டிக்கின்னா பின்னாடி சாமான் வெக்கற எடம். ரெண்டும் வெள்ளைக்காரன் வார்த்தைதானேன்னு தைரியமா எழுதிட்டேன். அங்க ஸ்டெப்னின்னா லண்டன்ல ஒரு பேட்டையாம். டிக்கின்னா அந்தக் காலத்து கார்ல ஆளு உக்கார்ற பின் சீட்டாம். மூணு வாரம் கழிச்சு பதில் வந்துச்சு. மொத வரியே இதான்: "பின் சீட்டுல மூச்சில்லாம கெடக்கற அந்த ஸ்டெப்னி பெரியவர மொதல்ல ஆஸ்பத்திரிக்கு கூட்டிகினு போங்க, எஞ்சின அப்புறம் பாத்துக்கலாம்."

கதவுக்குப் பல்லு

ரெண்டாவது அட்ரஸ் ஜப்பான்ல கோபே ஊரு. அங்க ஒரு பல் டாக்டரு கிட்ட இதே வண்டி. எங்க வண்டியில டிரைவர் பக்கத்து கதவுக் கொக்கி இல்ல, கயிறு கட்டித்தான் ஓட்டுவாரு மாமா. டாக்டரு என்ன பண்ணாரு தெரியுமா? நம்ம வாயில பல்லுக்கு அச்சு எடுப்பாங்களே, அதே மாதிரி தன் வண்டிக் கொக்கிக்கு அச்சு எடுத்து பார்சல் போட்டுட்டாரு. மேல ஒட்டின தாள்ல 'பல் அச்சு'ன்னு இங்கிலீஷ்ல போட்டிருந்துச்சு. போஸ்ட் மாஸ்டர் கண்ணாடிய ஏத்தி விட்டுகினு, "யாருக்கும்மா பல்லு?"ன்னாரு. "கார் கதவுக்கு சார்"னேன். என்னை ஒரு மாதிரி பாத்துட்டு கையெழுத்து வாங்கினாரு.

அச்சப் பாத்ததுமே மாமாவுக்குப் புரிஞ்சு போச்சு, டாக்டர் வண்டிக் கொக்கியும் பாதி தேஞ்சிருக்குன்னு. தேஞ்ச எடத்த கணக்குப் பண்ணி, ஒண்ணுக்கு ரெண்டா லேத்துல கடைஞ்சாரு. புதுசு ஒண்ணு கோபேக்கு. கையேந்தறவன் இப்படித்தான் திருப்பி அனுப்புவானா சார்? அந்த பார்சல நான் எடுத்துகினு போனப்ப போஸ்ட் மாஸ்டர் தராசுல வெச்சுகினே கேட்டாரு: "பல்லு கட்டியாச்சா? வலி கிலி ஒண்ணும் இல்லியே?"

கண்டி வயரிங்

இதுக்குத்தான சார் காத்துகினு இருக்கீங்க, வாங்க.

மூணாவது அட்ரஸ் கண்டி. விஜேன்னு ஒருத்தர், பஸ் கம்பெனியில எலெக்ட்ரிஷியன். சிங்களவர், ரெண்டு வருஷக் கடுதாசிப் பழக்கம். எங்க வண்டியில வயரெல்லாம் எலி கடிச்சு வெச்சிருந்துச்சு. எந்த வயரு எங்க போவுதுன்னு கேட்டு இந்த ஏப்ரல்ல எழுதினோம். அவர் ராவெல்லாம் உக்காந்து பெரிய தாள்ல செகப்பு, பச்சை, நீலம்னு கலர் பென்சில்ல வரைஞ்சு அனுப்பினாரு. அது வந்து சேந்தது ஜூன்ல. மே மாசம் ஸ்ரீபெரும்புதூர்ல குண்டு வெடிச்சதுக்கு அப்புறம் எங்க ஊர்ல இலங்கை ஸ்டாம்புக்கு இன்னா மரியாதைன்னு உங்களுக்கு நான் சொல்ல வேணாம். கவருக்குள்ள கலர் கலரா வயரு, பேட்டரி, சுவிட்சு படம் வேற. அத வெச்சு மாமா வயரெல்லாம் மாத்தி முடிச்ச நேரம், போலீஸ் ஏட்டையா நேரா பட்டறைக்கே வந்துட்டாரு.

மாமா படத்த வண்டி மேல விரிச்சாரு. ஏட்டையா விரல பிடிச்சு பச்சை கோட்டு மேல வெச்சு, சுவிட்ச தட்டினாரு, ஹெட்லைட்டு. செகப்பு கோட்டு மேல வெச்சு, தட்டினாரு, ஹாரன். முழுசா ஒரு மணி நேரம், ஒரு கோடு விடல. ஏட்டையா படத்த மடிச்சுக் குடுத்துட்டு சைக்கிள எடுத்தாரு: "ஹாரன் ஜோரா கீது. அந்தாள எழுத்த மட்டும் கொஞ்சம் பெருசா எழுதச் சொல்லு, நானும் படிக்கணும்ல."

மாமா சொன்ன பதில்

இங்க நடந்தத விஜேக்கு எழுதினேன். "எங்க ஊர்லயும் கேக்கறாங்க, யாரு அந்த தமிழன்னு. உங்களுக்குத் தொந்தரவுன்னா நிறுத்திடுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்"னு பதில் போட்டாரு. அதே வாரம்தான் சாரோட கண்டிஷனும் வந்துச்சு. ரெண்டையும் படிச்சுக் காட்டினேன். மாமா வண்டிக்கு அடியில படுத்துகினு இருந்தாரு. ஸ்பேனர் சத்தம் நின்னுச்சு. ஆறு வருஷ ஆசை, ஓட்டத்த வுட்ற மாட்டாரு, விஜேயத்தான் வுட்ருவாருன்னு நெனச்சேன்.

"விஜேக்கு எழுது. கார்புரேட்டர் பத்தி கேட்டாரே, அதுக்கு நாம இன்னும் பதில் போடல."

"அப்ப ஞாயித்துக்கிழமை, மாமா?"

"வண்டி எடுத்துகினு போவேன். ரோடு கிளப்போடதா?"

எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்து சண்டைக்கு நின்னேன். போன வருஷம் தண்டலம் கிட்ட சாரோட வண்டி மழையில நின்னு போச்சு. பிளக்குங்களுக்கு கரண்ட்டு பிரிச்சுக் குடுக்கற டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ரெண்டா வெடிச்சிருந்துச்சு. ஊர்ல எங்கயும் கெடைக்காது. அவர் வண்டியும் எங்க வண்டியும் ஒரே எஞ்சின். மாமா எங்க வண்டியிலேருந்து மூடிய கழட்டி மாட்டி, வழியனுப்பி வெச்சாரு. அப்புறம் ஆர்தர் இன்னொண்ணு அனுப்பற வரைக்கும் எங்க வண்டி ஏழு மாசம் அசையல. சார் இன்னிக்கும் ஓட்டிகினு இருக்கற அந்த மூடி, கண்டியிலேருந்து விஜே தன் கிட்ட இருந்த ரெண்டுல ஒண்ண எடுத்து எங்களுக்கு அனுப்பினது. இத எழுதட்டுமான்னு கேட்டேன். மாமா தலைய மட்டும் வெளிய நீட்டினாரு: "வாய மூட்றி. குட்த்தத சொல்லிக் காட்ற பழக்கம் எனக்குக் கெடையாது."

அது அவர் பழக்கம், எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்ல. அதனால சார், ஞாயித்துக்கிழமை பூந்தமல்லியில கொடி ஆட்டறதுக்கு முன்னாடி, எல்லார் எதிர்லயும் உங்க பானெட்ட தொறந்து காட்டி, இலங்கையோட சங்காத்தம் வெச்சிருக்கறது எங்க வண்டியா உங்க வண்டியான்னு பதில் சொல்லுங்க.