எதில் ஆரம்பிக்கட்டும்?

காரைக்குடியில் வருடம் முழுக்கப் பூட்டியே கிடக்கும் ஒரு பெரிய வீட்டுக்கு மோட்டார் பழுது பார்க்கப் போனபோதுதான் அந்தக் காவல்காரரைப் பார்த்தேன். ஒல்லியான ஆள், காக்கிச் சட்டையெல்லாம் மண். சீமைக்கருவேல் மண்டிக் கிடந்த கொல்லையை வாழை, முருங்கை, கத்தரி, மல்லிகை, புடலைப் பந்தல் என்று ஆக்கி வைத்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதில் இறங்குவார்.

முன்னோருக்குப் படைப்பு வைக்க வீட்டுக்கார ஆச்சி அன்றுதான் சென்னையிலிருந்து வந்திருந்தார்.

“யாரக் கேட்டு இதெல்லாம் வச்சீக?”

“இந்தப் பூட்டுக்கிட்டதான் கேட்டேன் ஆச்சி. அது வேணாம்னு சொல்லல.”

ஆச்சி சிரிக்கவில்லை. “எல்லாத்தையும் வெட்டிருங்க. சிமெண்டுத் தளம் போட்டு இங்குட்டுத்தான் பந்தி வைக்கணும்.”

மனிதருக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் போய் அரிவாளோடு வந்தார். “எதுல ஆரம்பிக்கட்டும் ஆச்சி? நீங்களே காட்டுங்க.”

ஆச்சி வாழையைக் காட்டினார். பந்திக்கு இலை வேண்டுமே என்று உடனே விரலை மடக்கினார். முருங்கை படையலுக்கு ஆகும். கத்தரி அப்போதுதான் பூத்திருந்தது. மல்லிகைக்கு வந்ததும் கையே இறங்கிவிட்டது.

“அந்த மூலையில நிக்கிற எருக்க மட்டும் எடுங்க” என்று சொல்லிவிட்டு ஆச்சி உள்ளே போய்விட்டார்.

காவல்காரர் பணிவாகத்தான் கேட்டாரா, கெட்டிக்காரத்தனமாகக் கேட்டாரா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.