இன்ஜினைப் பார்க்காமல் வாங்கிய வண்டி

நாங்கள் கேரவன் வாங்கப் போகிறோம் என்று வகுப்பில் சொன்னபோது முன் பெஞ்சில் இருந்தவள் திரும்பிப் பார்த்து, "உங்க வீட்ல யாரு நடிக்கிறாங்க?" என்று கேட்டாள். கேரவன் என்றால் ஷூட்டிங் நடக்கும் இடத்தில் நடிகர்கள் ஏறி உட்காரும் வண்டி. வேறு அர்த்தம் அந்த வகுப்பில் யாருக்கும் தெரியாது. நாங்கள் அதில் ஊர் ஊராகப் போகப் போகிறோம், அதிலேயே தூங்குவோம், அதிலேயே சமைப்போம் என்று விளக்கினேன். அவள் நம்பவில்லை. யார் நடிக்கிறார்கள் என்ற அவளுடைய கேள்விக்கு எங்கள் வீட்டில் பதில் இருந்தது. அப்போது எனக்குத்தான் தெரியவில்லை.

கல்பாக்கம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் நாங்கள் மூன்று பேர். அம்மா செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்துக்கு பஸ்ஸில் போய் வந்தாள். அப்பாவுக்கு டவுன்ஷிப்பிலேயே டெக்னீஷியன் வேலை. பள்ளி விட்டதும் நானே பூட்டைத் திறந்து உள்ளே போய், டிவியைப் போட்டுவிட்டு, அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். பின்னால் யாராவது பேசிக்கொண்டிருந்தால் போதும், படம் வேண்டியதில்லை.

அந்த வருடம் அப்பாவும் அம்மாவும் என் வழியாகத்தான் பேசினார்கள். "கேஸ் தீந்துடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லு" என்பார் அப்பா. அம்மா அதே அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். நான் நாலு எட்டு நடந்துபோய்ச் சொல்வேன். "புக் பண்ணியாச்சுன்னு சொல்லு" என்பாள். திரும்ப வந்து சொல்வேன். சண்டை எதுவும் என் காதில் விழுந்ததில்லை. இந்தப் போக்குவரத்தை நான் ஒரு பதவியாகவே நினைத்திருந்தேன்.

வண்டிச் செய்தியையும் அப்படித்தான் கொண்டுபோனேன். "உள்ளயே படுக்கலாம், சமைக்கலாம், அந்த மாதிரி ஒரு வண்டி பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று அப்பா என்னிடம் சொன்னார். சமையலறையில் போய் ஒப்பித்தேன். அம்மா மிக்ஸியை நிறுத்தவில்லை. "வாங்கட்டும்" என்றாள்.

அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. குவார்ட்டர்ஸில் இரண்டு அறை, ஒரு ஹால், பின்னால் ஒரு வராண்டா. ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரு நாளையே ஓட்டிவிடலாம். வண்டிக்குள் அது முடியாது. ஒருவர் எழுந்தால் இன்னொருவர் காலை மடக்க வேண்டும். "கொஞ்சம் நகரு" என்றாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? அதற்கு என்னைக் கூப்பிட முடியாது. எப்படியாவது அம்மாவை அந்த வண்டியில் ஏற்றிவிட்டால் போதும் என்று இருந்தேன்.

வண்டி பார்க்க மூன்று பேர் போனோம். மூன்றாவது ஆள் அம்மா இல்லை, மாமா, அம்மாவின் தம்பி. கூடுவாஞ்சேரியில் தண்ணீர் லாரி ஓட்டினார். வண்டி விஷயம் என்றால் அவரைக் கேட்காமல் எங்கள் உறவில் யாரும் சைக்கிள்கூட வாங்குவதில்லை.

சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி, ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வண்டிகளுக்கு பாடி கட்டும் ஷெட் ஒன்றில் இரண்டு வண்டிகள் விற்பனைக்கு நின்றன. முதலாவது வெள்ளை வெளேரென்று இருந்தது. அதற்கு இன்ஜின் கிடையாது; காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போக வேண்டிய ட்ரெய்லர். உள்ளே கீழே இரண்டு பேருக்கு அகலமான படுக்கை, மேலே சின்ன ஏணியோடு ஒரு பெர்த். நான் ஏறிப் படுத்துப் பார்த்தேன். தலைமாட்டில் என் முகத்தளவுக்கு ஒரு ஜன்னல். ஜிஎஸ்டி ரோட்டில் போகும் கன்டெய்னர் லாரிகளின் தலை மட்டும் தெரிந்தது. கீழே அப்பாவும் அம்மாவும், மேலே நான். என் வரையில் வியாபாரம் முடிந்துவிட்டது.

"இத்த இஸ்துகினு போவ காரு வோணுமே மச்சான்? உங்கையில கீறது ஸ்கூட்டரு" என்றார் மாமா.

ஷெட்காரர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். ஆனால் அப்பா அதற்காக அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்சுவரின் மூலைகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தார். மூன்று மூலைகள் கெட்டியாக இருந்தன. என் பெர்த்துக்கு நேர் கீழே இருந்த மூலையில் விரல் லேசாக உள்ளே போனது.

"தண்ணி எறங்கியிருக்கு. மேல பெயின்ட் அடிச்சிருக்காங்க. உள்ள ப்ளைவுட் ஊறிப் போயிடுச்சு."

"துடைச்சுக் காயவெச்சா சரியாயிடும் சார்."

"ஆகாது" என்றார் அப்பா.

அப்பாவுக்கு வேலையே கசிவு தேடுவதுதான். குழாய்களின் இணைப்பில் எங்கே என்ன ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது. நான் அழுத்திப் பார்த்தேன். எனக்கு நான்கு மூலையும் ஒன்றாகவே இருந்தன.

இரண்டாவது வண்டி உண்மையிலேயே ஷூட்டிங் கேரவன். வாடகைக்கு ஓடி ஓடிக் களைத்தது. உள்ளே நீளமான ஒற்றைப் படுக்கை, எதிரே ஒரு சோபா, சுவரில் சுற்றிலும் பல்பு வைத்த பெரிய மேக்கப் கண்ணாடி, பின்னால் ஒரு பாத்ரூம். "இதுல உக்காந்து அழாத ஹீரோயினே கிடையாது சார்" என்றார் ஷெட்காரர். "அயுதா, எதுக்கு? ஏசி ஓடலியா?" என்றார் மாமா.

அப்பா ஹோஸ் பைப் கேட்டார். ஒரு பையன் ஏணியில் ஏறிக் கூரை மேல் தண்ணீர் அடித்தான். அப்பா என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தார். திரைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. தலைக்கு மேல் அடைமழை பெய்யும் சத்தம். வெளியே நல்ல வெயில். அவர் டார்ச் வெளிச்சத்தைக் கூரையின் இணைப்புகள் மேல் மெதுவாக ஓட்டினார். "எங்க சொட்டுதோ அங்க ஓட்டை இருக்கும்னு நினைக்கக் கூடாது" என்று சொன்னார். "எங்கயோ நுழையும், உள்ளுக்குள்ளயே ஓடும், வேற எங்கயோ வந்து விழும்." நான் வாயைத் திறந்துகொண்டு மேலே பார்த்தேன். ஒரு சொட்டும் விழவில்லை. அவர் டார்ச்சை அணைத்த பிறகும் கதவைத் திறக்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் நிற்கும் வரை இருவரும் அந்த இருட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்தோம்.

"நல்லா இருக்குல்ல?" என்றார்.

"படுக்கை ஒண்ணுதான் இருக்கு" என்றேன்.

"சோபாவ இழுத்தா படுக்கையாயிடும். உனக்கு அது."

"அம்மாவுக்கு?"

"பாத்துக்கலாம்" என்றார்.

பிறகு பாத்ரூம் குழாயைத் திறந்தார், மூடினார். தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்தார். வெளியிலிருந்து கரன்ட் இழுத்தால் ஒயர் தாங்குமா என்று கேட்டார். அடுப்பு வைக்கும் மேடையைக் கையால் ஆட்டிப் பார்த்தார். குதிகாலால் தரையைத் தட்டிக்கொண்டே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். இறங்கி வந்து, "இதையே எடுத்துக்கறேன்" என்று ஷெட்காரரிடம் சொன்னார்.

மாமா இடுப்பில் கைவைத்து நின்றார். "கூர பாத்த. கக்கூஸ பாத்த. டேங்க மோந்து பாத்த. இஞ்சின பாக்கலியே மச்சான்?"

"நீ பாரேன்" என்றார் அப்பா.

மாமா பானெட்டைத் திறந்தார். ஸ்டார்ட் செய்தார். இரண்டு முறை முக்கி, மூன்றாவது முறை கரும்புகை கக்கி எழுந்தது வண்டி. மாமா அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, சட்டையைத் தட்டிக்கொண்டு வந்தார். "பேட்டரி செத்துகீது. ரேடியேட்டர் ஒயுவுது. டயரு பாக்கத்தான் புச்சு, நின்னு நின்னு ரப்பரு வெடிச்சிகினு கீது. இத்த நம்பி திண்டிவனம்கூட தாண்ட முடியாது மச்சான்."

"கொக்கிலமேடு வரைக்கும் போகுமா?"

"அதுவரிக்கும் தள்ளிகினே போலாம்."

"அப்ப போதும்" என்றார் அப்பா.

மாமா அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உடனே ஷெட்காரரிடம் திரும்பி, பேட்டரியை மாற்றிக் கொடுத்தால்தான் வண்டியைத் தொடுவேன் என்று சத்தம் போட ஆரம்பித்தார்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொக்கிலமேட்டில் அப்பாவுக்கு ஒரு சின்ன மனை இருந்தது. சுற்றிலும் சவுக்கு. கடல் தெரியாது, கேட்கும். வண்டியை நிறுத்திவைக்க வேறு இடமில்லை என்று அப்பா சொல்லியிருந்ததால், அங்கே போவதில் எனக்கு ஆச்சரியம் இருக்கவில்லை. பேட்டரி மாற்றியானதும் மாமாதான் ஓட்டிவந்தார். நான் மேக்கப் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன். பாதி பல்புதான் எரிந்தது. என் முகத்துக்குப் பின்னால் செங்கல்பட்டும் திருக்கழுக்குன்றமும் பின்பக்கமாக ஓடின. திருக்கழுக்குன்றத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நின்றோம். இதுதான் எங்கள் முதல் டூர் என்று நினைத்தேன்.

மனையில் வண்டியை விட்டுவிட்டு, மாமா பூஜை சாமான் வாங்க நடந்தே ரோட்டுக்குப் போனார். எந்த வண்டி வந்தாலும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினால்தான் அவருக்கு மனசு ஆறும். அவர் போன நேரத்தில் அப்பா, பக்கத்து மனையில் வேலி போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஜாக்கி வைத்து ஒவ்வொரு பக்கமாகத் தூக்கி, ஏற்கெனவே கொண்டுவந்து இறக்கியிருந்த ஹாலோ பிளாக் கற்களை அடியில் கொடுத்தார். மாமா திரும்பி வந்தபோது நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல் நின்றன.

மாமா கையில் எலுமிச்சம்பழப் பையோடு குனிந்து பார்த்தார். நான் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டினேன். அது நன்றாகச் சுற்றியது.

"இப்ப இத்த எங்க வெக்கிறது?" என்றார்.

"வண்டி ரொம்ப நாள் நின்னா டயர் ஒரே பக்கம் அமுங்கிடும்" என்றார் அப்பா. "அதுக்குத்தான்."

"எத்தினி நாளு நிக்கப் போவுது?"

அப்பா வண்டியில் ஏறினார். உள்ளே போய்ப் புது அடுப்பைப் பற்றவைத்து, பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துப் பாத்திரத்தில் ஊற்றினார். மாமா வாசற்படியில் நின்றார். பால் மெதுவாக ஏறி, விளிம்பில் ஒரு நொடி தயங்கி, வழிந்தது. அப்பா கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். பக்கத்தில் நின்று நானும் கும்பிட்டேன்.

"வண்டிக்கு எவனாவது பால் காச்சுவானா மச்சான்?" மாமாவின் குரல் இறங்கிவிட்டது. "அது வூட்டுக்குத்தானே செய்வாங்க?"

அப்பா சர்க்கரை போட்டு மூன்று டம்ளரில் ஊற்றி, ஒன்றை அவரிடம் நீட்டினார்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன்" என்றார் அப்பா.

மாமா டம்ளரை வாங்கவில்லை. எலுமிச்சம்பழப் பையை என் கையில் கொடுத்து, "ஜூஸ் போட்டுக் குடி பாப்பா" என்று சொல்லிவிட்டு, ரோட்டைப் பார்த்து நடந்தார். பேட்டரி விஷயத்தில் அப்பா அவர் பக்கம் பேசாததால் கோபம் என்று நினைத்தேன். அவருடைய பாலையும் நானே குடித்தேன்.

பஸ் பிடித்துக் கல்பாக்கம் வந்தோம். அப்பா குளிக்கப் போனார். அம்மா சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எந்தச் செய்தியும் கொண்டுபோகாமலே, அவளாகவே, "அங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள்.

வண்டியைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. மூச்சு விடாமல் சொன்னேன். கண்ணாடி, பல்பு, கூரையில் அடித்த தண்ணீர், இழுத்தால் படுக்கையாகும் சோபா, சக்கரத்தை அந்தரத்தில் சுற்றியது, பால்.

கத்தி நின்றது. "பொங்கிச்சா?"

"பொங்கிச்சும்மா. நிறைய வழிஞ்சுது."

"எந்தப் பக்கமா?"

யோசித்துப் பார்த்தேன். கடல் இருக்கும் பக்கம். "கிழக்கால" என்றேன்.

"நல்லது" என்றாள். மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். அவள் இத்தனை கேட்டுவிட்டாள், இனி வந்துவிடுவாள் என்று அன்று நான் சந்தோஷமாகத் தூங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை அம்மா ஒரு பெரிய கட்டைப்பையில் சாமான் அடுக்கினாள். சின்ன குக்கர், தோசைக்கல், கரண்டி, அஞ்சறைப் பெட்டிக்குப் பதிலாகச் சின்னச் சின்ன டப்பாக்கள், அப்பாவின் தட்டு, அப்பாவின் டம்ளர். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் எட்டிப் பார்த்தேன். தட்டு ஒன்றுதான் இருந்தது. அவசரத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்து, ஸ்டாண்டிலிருந்து என் தட்டையும் அம்மாவின் தட்டையும் எடுத்துவந்து செருகினேன். அம்மாவின் தட்டு அவள் கல்யாணத்துக்கு வந்தது; அதில் வெட்டியிருந்த பெயருக்கு முன்னால் இருந்தது தாத்தாவின் இனிஷியல்.

அம்மா திரும்பி வந்து பையைத் தூக்கிப் பார்த்தாள். கீழே வைத்துவிட்டு உள்ளே கையை விட்டு, இரண்டு தட்டையும் வெளியே எடுத்தாள். அவளுடையதை ஸ்டாண்டில் பழைய இடத்திலேயே வைத்தாள். என்னுடையதைப் புடவைத் தலைப்பால் இரண்டு பக்கமும் துடைத்து, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்து, அப்பாவின் தட்டுக்கு மேல் வைத்துப் பையைக் கட்டினாள்.

டூரில் அம்மாவுக்கு மட்டும் வழியெல்லாம் ஹோட்டலில் இலைச் சாப்பாடு, தட்டே வேண்டாம், கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.