ஆற்றைப் பார்க்கிற வேலை

என் அக்கா கணவருக்கு ஆபீசில் 'புள்ளி' என்று பட்டப்பெயர். எனக்கு அத்தான். என் அம்மாவுக்கு மாப்பிள்ளை. தெருவில் யாராவது "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டால் அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "ஆத்தைப் பாக்கற வேலை" என்பாள். "ஆத்தைப் பாக்கறதுக்கு எல்லாமா சம்பளம் குடுக்கறாங்க?" என்று அவர்கள் சிரிப்பார்கள். "பாக்கத் தெரிஞ்சா குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விடுவாள். மாப்பிள்ளை என்றால் அவளுக்கு உயிர்.

எனக்கு அப்படியெல்லாம் இல்லை. நான் அக்கா வீட்டோடு இருந்துகொண்டு கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை நம்பிப் பிழைக்கிறவள். கனவு கண்டுகொண்டே நடக்கிற ஆட்களைப் பார்த்தால் என் கால் தானாக பிரேக்கைத் தேடும். அத்தான் சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனால் போனதுதான். குழாய்த் தண்ணீர் தட்டில் விழுந்து வட்டமாகப் பரவுவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நிற்பார். "என்னங்க, தட்டு தேஞ்சிடப் போகுது" என்று அக்கா குரல் கொடுத்தால்தான் திரும்பி வருவார். மழை நாளில் பஸ் ஏறினால் ஜன்னல் கண்ணாடியில் இறங்கும் துளிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது அடியில் போய்ச் சேரும்வரை விடமாட்டார். இதனாலேயே இறங்க வேண்டிய இடத்தைப் பலமுறை விட்டிருக்கிறார். இந்த மனிதரிடம் போய் அக்காவைக் கொடுத்தோமே என்று நான் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். அவருக்கும் அது கேட்டிருக்கும். சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

அவருடைய ஆபீஸ், ஆற்று வெள்ளத்தை முன்கூட்டியே கணிக்கிற இடம். அங்கே அவருடைய அறையை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். திரைச்சீலை போட்டு வெளிச்சத்தை மறைத்த சின்ன அறை. பெரிய மானிட்டர் இரண்டு, ஒரு பக்கம் கிழிந்து பஞ்சு தெரியும் நாற்காலி, மேசைக்கடியில் ஓயாமல் இரைகிற கம்ப்யூட்டர். ஆற்றில் இறங்கி அளப்பவர்கள் வேறு ஆட்கள். அளந்ததை வைத்து, இவ்வளவு மழை பெய்தால் ஆறு எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணக்கு ஓட்டுபவர்கள் வேறு ஆட்கள். அந்தக் கணக்கு முடிந்ததும் கிடைப்பது வெறும் எண்கள், லட்சக்கணக்கில். ஆற்றையும் கரையையும் கட்டம் போட்ட துணி மாதிரிச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம், என்ன வேகம் என்று எழுதியிருக்கும். அதை மனிதக் கண் பார்க்கிற மாதிரி ஆக்குவதுதான் அத்தானின் வேலை. ஆழத்துக்கு நீலம் கொடுப்பார். ஆழம் கூடக்கூட நீலமும் கறுக்கும். வேகத்துக்கு அம்புக்குறி போடுவார். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துப் படமாக ஓடவிடுவார்.

வேலை முடிந்த பிறகும் ஒரு வேலை அவருக்கு உண்டு. படத்தில் ஆற்றின் மேல்பக்கம் ஒரு புள்ளியைப் போட்டுவிடுவார். தண்ணீர் போகிற போக்கில் அது போகும். வளைவில் தயங்கும், பாலத்தூணைச் சுற்றிக்கொண்டு வரும், மணல் திட்டருகே கொஞ்சம் தூங்கும், பிறகு விழித்துக்கொண்டு கிளம்பும். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் கூடவே போவார். "என்ன, உங்க புள்ளி வீடு போய்ச் சேந்துச்சா?" என்று மேலதிகாரி எட்டிப்பார்த்துக் கேட்பாராம். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

அந்த வருஷம் ஆற்றோரத் தெருக்காரர்களை மழைக்கு முன்னால் மேட்டுக்கு மாறச் சொன்னது ஆபீஸ். பெருமழை வந்தால் தெரு முழுகும் என்று கணக்கு சொல்லிவிட்டது. ஆனால் கட்டாயம் இல்லை, அவரவர் விருப்பம். அந்தத் தெருவின் கடைசி வீடுதான் என் அம்மாவுடையது. அப்பா போன பிறகு தனியாக இருந்தாள். நானும் அக்காவும் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் ஓய்ந்துபோனோம். அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். "என் வீட்டை விட்டுட்டு உங்க வீட்டுல வந்து மூலையில உக்காரணுமா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்.

கடைசியில் தெருக்காரர்களுக்காகப் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். அத்தான் செய்த வெள்ளப் படம் சுவரில் ஓடியது. உள்ளதைச் சொல்ல வேண்டும், அவ்வளவு அழகான படத்தை நான் பார்த்ததில்லை. கரைக்குள் படுத்திருந்த நீலம் மெல்ல உப்பியது. தெருவுக்குள் முதலில் ஈரம் பட்ட மாதிரி ஒரு வெளிர் நிறம், பிறகு பட்டுத்துணி விரிகிற மாதிரி இன்னும் கொஞ்சம் நீலம். வீட்டுக் கூரைகள் மட்டும் வெள்ளை வெள்ளையாக மிதந்தன. முடிந்ததும் யாரோ, "இன்னொரு தடவை போடுங்க சார்" என்றார்கள். சந்தோஷமாகத் திரும்பப் போட்டார் அத்தான். நானும் பிரேக்கை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் பாராட்டிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். ஒருவரும் பெட்டி கட்டவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் அம்மா வீட்டில் இருந்தோம். அத்தான் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மா தன் பிளாஸ்டிக் நாற்காலியை வாசற்படிக்கு மேல் இழுத்துப் போட்டு, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து காட்டினாள்.

"நான் எல்லாம் யோசிச்சு வெச்சிருக்கேன் மாப்பிள்ளை. மழை பிடிச்சா இப்படி உக்காந்துக்குவேன். பை பக்கத்துலயே இருக்கும். தண்ணி கீழ்ப்படியைத் தொட்டதும் கதவைப் பூட்டுவேன், செருப்பைப் போடுவேன், நடையைக் கட்டுவேன்."

"தண்ணி உனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?" என்றேன்.

"உங்க அத்தான் படத்துலதான் பாத்தேனே. பூனை மாதிரி மெதுவா வருது. இதுக்குப் போய் வீட்டைக் காலி பண்ணச் சொல்றீங்களே."

அத்தான் டீயை அப்படியே திண்ணை மேல் வைத்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "ஆபீசுக்குப் போகணும்" என்றார்.

"ஞாயித்துக்கிழமையா?" என்றாள் அக்கா.

"இப்பவே போகணும்."

டிரைவிங் ஸ்கூல் காரில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அறைக்குள் போய் அந்தப் படத்தைத் திறந்தார். கூட்டத்தில் நாங்கள் வாய்பிளந்து பார்த்த இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தினார்.

"இதுல தெரு காஞ்சு கிடக்குதா? இது ஒரு கணக்கு. அடுத்த கணக்கு இங்க இருக்கு, தெருவுல மார்பளவு தண்ணி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு மணி நேரம்."

"சரி."

"கணக்கு ஓடும்போது மணிக்கு ஒரு தடவைதான் சேமிச்சு வெச்சாங்க. எல்லாத்தையும் சேமிச்சா கம்ப்யூட்டர்ல இடம் பத்தாது. நடுவுல படம் குதிக்காம இருக்கணும்னு நான் இந்த சாஃப்ட்வேரையே நிரப்பிக்கச் சொன்னேன். அது ரெண்டையும் கலந்து கலந்து மெதுவா ஏத்திக் காட்டுது."

எனக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"ஒருத்தன் வாசல்ல நிக்கற போட்டோ ஒண்ணு. மாடியில நிக்கற போட்டோ ஒண்ணு. நடுவுல அவன் நிதானமாப் படி ஏறினானா, சுவரேறிக் குதிச்சானான்னு போட்டோவுக்குத் தெரியாது. நான் பாட்டுக்குப் படி ஏறினதா வரைஞ்சுட்டேன்." படத்தை மறுபடி ஓடவிட்டார். "எனக்கு அழகா இருந்துச்சு. அதான் கேள்வி கேக்கல. இத்தனை நாள் உக்காந்து ரசிச்சேனே, அந்த அசைவு ஆத்துல இல்லவே இல்ல."

அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அந்த அறையில் நான் அவரைத் திட்டுவதற்கு நல்ல சந்தர்ப்பம் இருந்தது. நான் திரைச்சீலையை மட்டும் கொஞ்சம் விலக்கிவிட்டேன்.

கணக்கு ஓட்டுகிறவரை வீட்டிலிருந்து வரவழைத்து, நிமிஷத்துக்கு ஒரு தடவை சேமிக்கிற மாதிரித் திரும்ப ஓட்டச் சொன்னார். அது முடிய மறுநாள் ஆகிவிட்டது. பிறகு அவர் உண்டாக்கிய படத்தில் கலப்பும் இல்லை, நிரப்பும் இல்லை, மினுமினுப்பும் இல்லை. கட்டம் கட்டமாக, வெட்டி வெட்டி ஓடியது. அதைப் பார்த்ததும் என் கால் மேசைக்கடியில் பிரேக்கைத் தேடியது.

அம்மாவை எங்கள் வீட்டுக்கு வரவழைத்து, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்தார். அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சினிமா பார்க்கிற ஆசையோடு உட்கார்ந்தாள்.

"என்ன மாப்பிள்ளை, அந்தப் படம்தான் நல்லா இருந்துச்சு. இது திக்கித் திக்கி ஓடுது."

"இதுதான் அத்தை நிஜம்."

"அந்தச் சிவப்புப் புள்ளி என்ன?"

"நீங்கதான். வாசல்ல நாற்காலியில உக்காந்து ஆத்தைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க."

தெரு காய்ந்திருந்தது. ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது, ஆனால் கரையைத் தாண்டவில்லை. அம்மா திருப்தியாகத் தலையாட்டினாள். அப்போது வீட்டுக்குப் பின்னால், சமையலறைக் கதவை ஒட்டி ஓடும் சாக்கடைக் கால்வாய் கறுத்தது. கீழே ஆற்றோடு சேர வேண்டிய கால்வாய் அது. ஆறு நிரம்பியதும் போக வழியில்லாமல் மேல்நோக்கித் திரும்பியிருந்தது. அடுத்த நிமிஷத்துப் படத்தில் கொல்லை இல்லை. அதற்கடுத்ததில் வீட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர். அதற்கும் அடுத்ததில் வாசலில் புள்ளி இல்லை.

"பின்பக்கமா வருது" என்றாள் அம்மா. குரல் சின்னதாகிவிட்டது.

"ஆமா அத்தை. நீங்க முன்பக்கம் பாத்துக்கிட்டு இருக்கீங்க."

"நான் எங்க போனேன்?"

அத்தான் படத்தை நகர்த்திக் காட்டினார். புள்ளி தெருவோடு அடித்துக்கொண்டு போய், மரக்கிடங்குச் சுவரின் மூலையில் ஒதுங்கி, அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது.

"ஏன் அங்கயே சுத்துது?"

"அந்த மூலையில போய் விழுந்தா வெளிய வர வழி இல்ல அத்தை."

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "அதை நிறுத்திடுங்க மாப்பிள்ளை. தலை சுத்துது."

நானும் அக்காவும் இத்தனை வருஷம் கல்லில் நார் உரித்துக்கொண்டிருந்தோம். அம்மா அந்த வாரமே பையோடு வந்துவிட்டாள். நாற்காலியை மட்டும் வாசலிலேயே போட்டுவிட்டு வந்தாள். "வீட்டுக்கு ஒரு காவல் வேணாமா" என்றாள். அத்தான் புதிய படத்தைத் தெருக்காரர்களுக்கும் போட்டுக் காட்டினார். இந்தத் தடவை இன்னொரு தடவை போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அன்றைக்கே பெட்டி கட்டத் தொடங்கினார்கள்.

அதற்குப் பிறகு அத்தானிடம் ஒரு புதிய பழக்கம் வந்தது. சாயங்காலம் வீடு திரும்பியதும் அக்காவிடம், "காலையில பாத்தேன், இப்பப் பாக்கறேன், நடுவுல என்னெல்லாம் நடந்துச்சு?" என்று கேட்பார். "என்ன நடக்கும், ஒண்ணும் நடக்கல" என்றால் விடமாட்டார். உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்வார். அக்காவுக்கு முகம் மலர்ந்துபோகும். கனவு காண்பதை அவர் நிறுத்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். தட்டு இன்னும் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது.

மழை வந்தது. ஒரு முற்பகலில், அம்மா எங்கள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய தெருவில் தண்ணீர் புகுந்தது. கால்வாய் வழியாகத்தான் வந்தது. தெருவில் ஆள் இல்லை. முன்வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்க அந்த நாற்காலி மட்டும்தான் இருந்தது.

தண்ணீர் வடிந்ததும் நாங்கள் போனோம். சுவரில் மார்பளவுக்குச் சேற்றுக்கோடு. சமையலறைக் கதவு கொல்லைப்பக்கமிருந்து உள்ளே உடைந்து கிடந்தது. நாற்காலியைக் காணோம். அத்தான் யாரிடமும் சொல்லாமல் மரக்கிடங்குப் பக்கம் நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். அவர் சொன்ன அந்தச் சுவர் மூலையில் ஈரமான கட்டைகள், ஒரு கேஸ் சிலிண்டர், யாருடைய வீட்டிலிருந்தோ வந்த அம்மிக்கல், இன்னும் என்னென்னவோ சேற்றோடு குவிந்திருந்தன. நாற்காலி மட்டும் இல்லை. அவர் குனிந்து எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். கடைசியில் வெகுதூரம் தள்ளி, பாலத்துக்குப் பக்கத்துப் புதரில் கால் மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தது.

அத்தான் நாற்காலியைத் தூக்கி நிமிர்த்தினார். அதில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் முகம் வாடிவிட்டது.

"மூலையிலதான் இருக்கணும். இவ்வளவு தூரம் வந்திருக்கு. எங்கயோ என் கணக்கு தப்பு அத்தை" என்றார்.

அம்மா அந்த நாற்காலியை மேலும் கீழும் பார்த்தாள். புடவைத் தலைப்பால் அதன் கைப்பிடியில் இருந்த சேற்றைத் துடைத்தாள்.

"உங்க கணக்கு சரிதான் மாப்பிள்ளை. இது வெறும் நாற்காலி, மேலயே மிதந்து வந்துடுச்சு. நான் இதுல உக்காந்திருந்தா, நீங்க சொன்ன மூலையிலதான் இருந்திருப்பேன்."

அத்தான் ஒரு கையில் நாற்காலியை எடுத்துக்கொண்டார். காருக்குப் போய்ச் சேரும்வரைக்கும் அம்மா அவருடைய இன்னொரு கையை விடவே இல்லை.