பாத்ரூமுக்கு நான் வைத்த வானம்

அக்கா குளித்து முடிக்க மூன்று பாட்டு ஆகும். எங்கள் வீட்டில் கடிகாரத்தைவிட இது நம்பகமானது. டிசம்பர் வந்துவிட்டால் மூன்றுமே கேரல் பாட்டுகள். அந்த வருஷம் அவளுக்கு சர்ச்சில் சோலோ வேறு கொடுத்துவிட்டார்கள். காலேஜ் முதல் வருஷம், கூடவே சோலோ, கேட்கவா வேண்டும்? பாத்ரூம்தான் ரிகர்சல் ஹால். வெளியே நான், ஐந்தாம் வகுப்பு, தோளில் துண்டோடு, ஸ்கூல் வேன் போய்விடுமோ என்ற கவலையில் நிற்பேன்.

சும்மா நிற்பேன் என்று நினைக்க வேண்டாம். எங்களுடையது கேஸ் கீசர். அது பாத்ரூம் சுவரில் மாட்டியிருக்கும். அதற்கான சிலிண்டர் வெளியே, சமையலறையை ஒட்டிய குட்டி பால்கனியில். மூன்றாவது பாட்டு முடிந்தும் கதவு திறக்கவில்லையென்றால் போய் சிலிண்டரை மூடிவிடுவேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே தண்ணீர் ஐஸாகும். 'அம்மா, இவனைப் பாருங்க' என்று ஒரு கத்தல் வரும். அதுதான் நான்காவது பாட்டு. அடுத்த இரண்டு நிமிஷத்தில் பாத்ரூம் எனக்கு.

எங்கள் ஃபிளாட் முடிச்சூரில். பக்கத்தில் காலி மனை. மழைத் தண்ணீர் அதில் பொங்கல் வரைக்கும் நிற்கும், கொசுவுக்குக் கேட்கவே வேண்டாம். எல்லாம் பாத்ரூம் வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே நுழைந்து வரும். ஒரு வலை அடிக்கச் சொல்லி அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போய்க்கொண்டே இருந்தன.

ஒரு சாயங்காலம் பிரச்சினையை நானே கையில் எடுத்தேன். கட்டிலுக்கு அடியில் போன வருஷத்து தெர்மாகோல் அட்டை ஒன்று கிடந்தது. ஸ்கூல் கிறிஸ்துமஸ் குடில் போட்டிக்காக நான் செய்த வானம் அது. நீல பெயின்ட், மேலே வெள்ளி நட்சத்திரங்கள். ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காத வானம். பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு ஏறி, அளவாக வெட்டி, வென்டிலேட்டரில் இறுக்கிச் செருகினேன். காற்றுகூட நுழைய முடியாத அளவுக்குக் கச்சிதம். இதில்தான் எனக்கு ரொம்பப் பெருமை. மறுநாள் எல்லோரும் கொசு எங்கே போச்சு என்று வியக்கும்போது அறிவிக்கலாம் என்று வாயைத் திறக்காமல் இருந்தேன்.

மறுநாள் காலை அக்காதான் முதலில் குளிக்கப் போனாள். முதல் பாட்டு ஜோர். இரண்டாவது பாட்டு பாதியில் இழுத்தது, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினாள். சோலோவுக்காக ஸ்டைல் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். அப்புறம் பாட்டே இல்லை. தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும். கதவைத் தட்டினேன், பதில் இல்லை. சரி, என் ஆயுதம் இருக்கிறதே என்று பால்கனிக்குப் போய் சிலிண்டரை மூடினேன்.

கத்தல் வரவில்லை.

எனக்குக் கோபம். இட்லி எடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய்ப் புகார் சொன்னேன்: "அம்மா, சிலிண்டர ஆஃப் பண்ணிட்டேன். அப்பகூட கத்த மாட்டேங்கறாம்மா. வேணும்னே பண்றா."

என்னைத் திட்டப்போகிறார் என்று தயாராக நின்றேன். அம்மா இட்லித் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். அப்பாவும் ஓடிவந்தார். அந்த பிவிசி கதவைப் பற்றி பில்டரை அப்பா திட்டாத நாள் கிடையாது. அன்றைக்கு அது ஒரே உதையில் தாழ்ப்பாளோடு பெயர்ந்து வந்தது. அதற்குப் பிறகு பில்டரை அவர் திட்டியதே இல்லை.

அக்காவைப் போர்வையில் சுற்றித் தூக்கிவந்து ஹாலில், பால்கனிக் கதவைத் திறந்துவைத்துக் கிடத்தினார்கள். கொஞ்சம் கழித்துக் கண்ணைத் திறந்தாள், வாந்தி எடுத்தாள், தலை வெடிக்கிறது என்று அழுதாள். பக்கத்து ஃபிளாட் அண்ணாவின் காரில் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆக்ஸிஜன் வைத்தார்கள். ராத்திரி அங்கேயே இருந்துவிட்டு மறுநாள் நடந்தே வீட்டுக்குள் வந்தாள்.

நான் ஹீரோவாகிவிட்டேன். இந்தப் பையன் மட்டும் சிலிண்டரை மூடியிருக்காவிட்டால் என்று டாக்டரே சொன்னாராம். தினமும் செய்கிற அதே அயோக்கியத்தனத்துக்கு அன்றைக்கு ஐஸ்கிரீம் கிடைத்தது. ஆனால் ஐஸ்கிரீம் உள்ளே இறங்கவில்லை. பாத்ரூமில் எட்டிப்பார்த்தேன். வென்டிலேட்டரில் வானம் இல்லை.

மறுநாள் மெக்கானிக் வந்தார். வென்டிலேட்டர் அடைபட்டிருந்ததை அப்பா அவரிடம் சொன்னார். "கீசரும் எரியறதுக்கு காத்து கேக்கும் சார். வழிய அடைச்சிட்டா, உள்ள குளிக்கிறவங்களோட காத்ததான் அது இழுக்கும். பொகையும் வெளிய போவாது. அந்தப் பொகைக்கு வாசனையே கெடையாது சார், தெரியவே தெரியாது. யாரு சார் அடைச்சது?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"நான்தான். கொசு வருதேன்னு," என்றார் அப்பா.

அன்றைக்கே கீசரைக் கழற்றிப் பால்கனியில் மாட்டி, சுடுதண்ணீருக்கு மட்டும் பாத்ரூமுக்குள் ஒரு பைப் விட்டார்கள். அப்பாவே ஏறி நின்று வென்டிலேட்டரில் வலை அடித்தார், ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. அம்மா ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை. அக்கா கிறிஸ்துமஸுக்கு சோலோ பாடினாள். இரண்டாவது வரியில் மூச்சு கொஞ்சம் வாங்கியதே தவிர, சூப்பர்.

கிறிஸ்துமஸ் மதியம் பிரியாணிக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். மெக்கானிக்கல் படித்த மனுஷன் செய்கிற வேலையா இது என்று மாமா ஓட்டினார். எனக்கு அப்படியொரு நிம்மதி. அன்றைக்கு ராத்திரியே என் வானத்துக்கு மேல் அப்பாவும் எதையோ வைத்து அடைத்திருக்கிறார், என்னுடையதை யாரும் கவனிக்கவில்லை, தப்பித்தேன் என்று முடிவு செய்திருந்தேன். அதனால் எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். அப்பா என்னைப் பார்த்தார். தன் தட்டிலிருந்த பெரிய பீஸை எடுத்து என் தட்டில் வைத்தார். ஹீரோவுக்கு மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

எட்டு வருஷம் கழித்து, காலேஜில் ஒரு சார்ட்டைத் திருப்பிப்போட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. போட்டிக்குக் கொடுத்த அந்த வானத்தின் பின்பக்கமும், கறுப்பு ஸ்கெட்ச்சில், கொட்டை எழுத்தில், என் பெயர், வகுப்பு, பிரிவு, ரோல் நம்பர் எல்லாம் இருந்தன.