ரூடியின் பெரிய பிஸ்டலும் ரோண்டாவின் சந்தேகமும்

ரோண்டா கெட்டோலா புதிதாக ஒரு பொருள் வாங்கி நான் பார்த்ததில்லை. அவள் ஓட்டும் வண்டி முன்பு ஒரு கூரை வேலைக்காரருடையது. வெயில் அடித்தால் இன்னமும் தார் வாசனை வரும். அவளுடைய அடுப்பு, மூடிப்போன ஒரு தேவாலயத்தின் சமையலறையிலிருந்து வந்தது. கணவர் ஜீன்கூட முதலில் வேறொருத்திக்குக் கணவராக இருந்தவர்தான். விருந்துகளில் ஜீனே இதைச் சொல்லிச் சிரிப்பார். நல்ல நிலைமையில் இருந்தார், எடுத்துக்கொண்டேன் என்பாள் ரோண்டா.

பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைப்பது அவள் வேலை. சனிக்கிழமையானால் எங்கள் துப்பாக்கி கிளப்புக்கு வந்துவிடுவாள். நான் அங்கே ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறவள். யார் எத்தனை நொடியில் சுட்டார்கள் என்று எழுதுவது என் பொறுப்பு.

எங்கள் கிளப்பில் கோடைக்காலம் முழுவதும் கட்டை சுடுவதுதான் விளையாட்டு. பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் அரங்கில் அடிபட்டு ஓய்ந்த ஐந்து கட்டைகளை ஒரு மேசைமேல் வரிசையாக நிறுத்துவோம். ஐந்தும் மேசையை விட்டுத் தரையில் விழவேண்டும். சாய்ந்தால் போதாது. இங்கேதான் ரோண்டாவுக்குச் சிக்கல். குறி தப்பாது. ஆனால் அவளிடம் இருந்தது சிறிய பிஸ்டல். அதன் குண்டு பட்டதும் கட்டை நாகரிகமாகப் படுத்துக்கொள்ளும். மேசைமேலேயே இப்படியும் அப்படியும் உருளும். அதைத் தள்ளிவிட இன்னும் இரண்டு குண்டு செலவாகும். ஆகஸ்ட் போட்டியில் முதல் பரிசு ஒரு முழுப் பன்றித்தொடை. ரோண்டாவுக்கு ஒவ்வொரு வருஷமும் கடுகுச் சாஸ் பாட்டில்தான் கிடைக்கும்.

அந்தத் தொடையை வருஷா வருஷம் வீட்டுக்குக் கொண்டுபோனவர் ரூடி நியெமி. ஏரியில் மீன்பிடிப் படகு வைத்திருந்து, விற்றுவிட்டு ஓய்வில் இருந்த கிழவர். அவருடைய பிஸ்டல் பெரிய சட்டமும் பருத்த குழலும் கொண்டது. நாற்பத்தைந்து ரகத் தோட்டா போடுவது. ஒரு குண்டு பட்டால் கட்டை யாரோ கூப்பிட்டதுபோலக் கிளம்பிப் போய்விடும். போன ஏப்ரலில், வசந்தகாலம் தொடங்கியதும், மணிக்கட்டு வலிக்கிறது, அந்தப் பிஸ்டலை விற்கப்போகிறேன் என்று ரூடி கிளப்பில் சொன்னார். சொன்ன விதத்தைப் பார்த்தால் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது.

ரோண்டா வட்டாரப் போலீஸான ஷெரிப் அலுவலகத்தில் பிஸ்டல் வாங்குவதற்கான அனுமதியைப் பெற்றுக்கொண்டு, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

ரூடியின் மனைவி மார்லிஸ் ஏலக்காய் ரொட்டி வெட்டி வைத்திருந்தார். சாப்பாட்டு மேசைமேல் ஒரு துண்டு விரித்து, அதன்மேல் பிஸ்டல். ரூடி தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றினார், பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்து உள்ளே தோட்டா இல்லை என்று காட்டினார், பிறகும் கையில் கொடுக்கவில்லை. முதலில் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எதில் வைத்துப் பூட்டுவாள், என்ன எண்ணெய் போடுவாள், ஜீன் இதைத் தொடுவாரா. ஜீன் வீட்டில் அப்பம் சுடும் இரும்புச் சட்டியைக்கூடத் தொடமாட்டார் என்கிற ரகமாக ஏதோ சொல்லி ரோண்டா சமாளித்தாள்.

"கைய நீட்டு பார்ப்போம்," என்றார் ரூடி.

ரோண்டா நீட்டினாள். அவர் அதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"சின்னக் கை. இது உனக்கு ஒத்து வராதும்மா."

"தினமும் முந்நூறு பிள்ளைங்களுக்கு உருளைக்கிழங்கு மசிக்கிற கை இது. கொடுங்க இப்படி."

கொடுத்தார். அவள் வாங்கினதும் அவள் கை சட்டென்று ஓரங்குலம் இறங்கியது, அவ்வளவு கனம். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஸ்லைடு ஆடுகிறதா என்று காதருகே வைத்து அசைத்தாள். குழல் முனையில் உறை உராய்ந்து கருமை போயிருந்ததைத் தடவினாள். கட்டைவிரல் பாதுகாப்பு விசைக்கு எட்டவில்லை; பிடியைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தால் எட்டியது. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல எல்லாம் பார்த்து முடித்துவிட்டுக் கடைசியில் கேட்டாள், ஏன் விற்கிறீர்கள் என்று.

ரூடி மறுபடியும் மணிக்கட்டைச் சொன்னார். சொல்லிக்கொண்டே அதே கையால் கனமான காப்பிக் கூஜாவைத் தூக்கி எங்களுக்கு ஊற்றினார். கை நடுங்கவில்லை. ஆனால் காப்பி பாதி கோப்பையிலும் பாதி தட்டிலும் விழுந்தது. மார்லிஸ் கையில் துடைக்கும் துணி ஏற்கெனவே தயாராக இருந்ததை நானே பார்த்தேன். ரோண்டா பார்க்காமல் இருப்பாளா.

"இங்க பக்கவாட்டுல ஒரு கீறல் இருக்கே," என்றாள்.

"எங்க? ஒண்ணுமில்லையே."

கீறல் என் சுண்டுவிரல் நீளம் இருந்தது.

ரோண்டா பிஸ்டலைத் துண்டின்மேல் வைத்தாள். ரொட்டியை முழுவதும் தின்று முடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"ரூடி, உங்க மணிக்கட்டு நல்லாத்தான் இருக்கு. கண்ணுல புரை விழுந்திருக்கு. போய் அறுத்துட்டு வாங்க. அதுக்கப்புறமும் விக்கணும்னு தோணுச்சுன்னா நான் வாங்கிக்கிறேன்."

அடுப்பருகே நின்ற மார்லிஸ் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். ரூடியின் கழுத்து முழுக்கச் சிவந்துபோனது. பிஸ்டல் வாங்க வந்தாயா, வைத்தியம் பார்க்க வந்தாயா என்று கேட்டார். தன் வீட்டில் காப்பி குடித்துவிட்டுத் தன்னையே குருடன் என்கிறாள் என்றார். நாங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தோம்.

வண்டியில் ஏறியதும் நான் ரோண்டாவைப் பிடித்துக்கொண்டேன். கிடைத்த பிஸ்டலை எடுத்துக்கொண்டு வராமல் இது என்ன வேலை என்றேன்.

"கண்ணு தெரியாம விக்கிறவர், கண்ணு தெரிஞ்சதும் திருப்பிக் கேப்பாரு. எனக்கும் ராத்திரி தூக்கம் வராது, அவருக்கும் வராது. அப்படி ஒரு பொருள் எனக்கு வேண்டாம், ஜாய்ஸ்."

பேச்சு பெருந்தன்மையாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டு வாசல் வரும்வரை அவள் கைவிரல்கள் ஸ்டியரிங்கில் அந்தப் பிடியைத் தேடிக்கொண்டே இருந்தன.

ரூடி இரண்டு வாரம் கிளப் பக்கம் வரவில்லை. ஊரெல்லாம் ரோண்டாவைப் பற்றிக் குறை சொன்னதாகக் கேள்விப்பட்டோம். முடிதிருத்தும் கடையில் சொன்னாராம், பேஸ்டி என்கிற கறி அடைத்த ரொட்டி விற்கும் கடையில் சொன்னாராம். பேஸ்டி கடையில் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற பாதிரியாரை ஜீன் என்று நினைத்து, உன் பெண்டாட்டிக்கு வாய் அதிகம் என்று சொல்லிவிட்டார். பாதிரியார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, எனக்குத் தெரிந்து எனக்குப் பெண்டாட்டி இல்லையே ரூடி என்றாராம். அதற்கு அடுத்த திங்கட்கிழமை மார்லிஸ் அவரை பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஒரு கண், பிறகு கொஞ்ச நாள் கழித்து மற்றொரு கண். கண்ணில் போட்ட கட்டைப் பிரித்ததும் ரூடி வீட்டுக்கு வந்து முதலில் பார்த்தது கூரையோரத்து ஒட்டடையை. அப்புறம் மார்லிஸை வெகுநேரம் பார்த்தாராம். உனக்கு எப்போது இவ்வளவு நரைத்தது என்று கேட்டாராம். நீ பார்க்காத சமயத்தில் என்று மார்லிஸ் சொன்னாராம். அதற்குப் பிறகு பிஸ்டலை எடுத்துக் கீறலைக் கண்டுபிடித்து, அது ரோண்டா போட்டதுதான் என்று முடிவு கட்டினார்.

ஜூலையில் ரோண்டா பள்ளிக்கூட விடுமுறையில் அவர் வீட்டுக்குப் போனாள், நானும் போனேன். ரூடி வாசலிலேயே நிறுத்திவிட்டார். இந்தத் தடவை கண்ணை நேராகப் பார்த்துப் பேசினார், அது எங்களுக்குப் புதிதாக இருந்தது.

"விக்கலை," என்றார்.

"சரி," என்றாள் ரோண்டா.

"கரடி வருது. வீட்டுல ஒண்ணு இருக்கணும்."

உள்ளேயிருந்து மார்லிஸின் குரல் வந்தது. "நம்ம வீட்டுக்கு வந்தது ஒரே கரடி. குப்பைத்தொட்டியக் கிண்டிட்டிருந்துச்சு. அதையும் நான்தான் விளக்குமாத்தால வெரட்டுனேன். இவரு குளிச்சுட்டு இருந்தாரு."

ரூடி கதவைக் கொஞ்சம் சாத்திக்கொண்டார். ரோண்டா சண்டைக்கு நிற்கவில்லை. இதைத்தான் அவளே முன்கூட்டிச் சொன்னாள், எதிர்பார்த்ததுதான். ஆனாலும் எதிர்பார்த்தது நடக்கும்போது ஒரு வயிற்றெரிச்சல் உண்டே, அது அவள் முகத்தில் இருந்தது. வண்டியில் ஏறி, தார் வாசனையில் உட்கார்ந்து, நல்லவளாக இருப்பதில் இதுதான் தொல்லை என்று மட்டும் சொன்னாள்.

ஆகஸ்ட் போட்டியன்று காலையில் ரூடி ரோண்டாவிடம் வந்தார். கையில் பிஸ்டல் பெட்டி. கண்ணுக்காக அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று மார்லிஸ் அவரை இரண்டு மாதமாக நச்சரித்திருக்கிறார். அந்த வார்த்தை ரூடியின் வாயில் வராது. அதனால் வேறு மாதிரி சொன்னார்: ஒரே துப்பாக்கியை இரண்டு பேர் மாற்றிச் சுடுவதற்கு விதியில் இடமிருக்கிறது, நான் முதலில் சுடுகிறேன், பிறகு வேண்டுமானால் நீ இதைச் சுட்டுப் பார். விற்பது கிற்பது எதுவும் இல்லை. பார்க்க மட்டும்.

ரூடி சுட்டார். பழைய ரூடிதான். ஐந்து கட்டையும் போயின. ஒன்றுக்கு மட்டும் கூடுதலாக ஒரு குண்டு செலவானது. நான் நேரத்தைச் சொன்னதும் கைதட்டினார்கள். அவர் பிஸ்டலைக் காலி செய்து மேசையில் வைத்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

ரோண்டா வந்து நின்றாள். பிடியைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தாள். நான் மணியடித்தேன். முதல் சத்தத்திலேயே முதல் கட்டை பின்னால் இருந்த மண்மேட்டில் மோதியது. மற்றவையும் அதே வழியில் போயின. ஐந்து கட்டை, ஐந்து குண்டு. கடைசிக் கட்டை தரையைத் தொட்டபோது நான் வாட்சை அழுத்த ஒரு கணம் மறந்தே போனேன். அந்தக் கணத்தைச் சேர்த்தும் அவள்தான் முன்னால் இருந்தாள்.

ரூடி என்னிடம் வந்தார். வாட்சை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார்.

"ஓடுதா இது?"

"ஓடுது, ரூடி. அது பேட்டரி வாட்ச். சத்தம் வராது."

அவர் போய்த் தன் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் நேரே முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மார்லிஸ் ஒரு தட்டில் சாசேஜ் வைத்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். கண்ணாடி ஓரளவு இறங்கியது, தட்டு உள்ளே போனது, கண்ணாடி ஏறியது. கொஞ்ச நேரம் கழித்து வெறும் தட்டோடு அவரே இறங்கி வந்தார்.

"எடுத்துக்கோ அதை," என்றார் ரோண்டாவிடம். "இத்தனை வருஷம் என்கிட்ட சோறு தின்னுட்டு, ஒரே நாள்ல உன் பேச்சைக் கேக்குது. அப்படிப்பட்டது என் வீட்டுல வேண்டாம்."

"கரடி வந்தா?"

"விளக்குமாறு இருக்கு."

ரோண்டா உடனே சரி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிஸ்டலை எடுத்து மறுபடியும் டார்ச் அடித்து, ஸ்லைடை அசைத்து, இன்றைக்கு ஒரு கட்டைக்கு இரண்டு குண்டு செலவு செய்த பிஸ்டலாயிற்றே, விலையைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லக்கூடாதா என்றாள். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். ரூடி அவளை உற்றுப் பார்த்தார். பிறகு, போன ஏப்ரல் மாதத்திற்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். விலை இறங்கியது. ஷெரிப் அனுமதிக்குக் காலம் முடிந்துபோயிருந்ததால் அவள் மறுபடி போய் எழுதிக்கொடுத்து வாங்கவேண்டியிருந்தது. அதுவரை அவர் வேறு யாருக்கும் காட்டவில்லை.

இப்போது ரூடிக்குப் பிஸ்டல் இல்லை. புதிதாக ஒன்று பார்க்கிறார், பழையதானாலும் பரவாயில்லை என்கிறார். துப்பாக்கிக் கடைக்குப் போகும்போது ரோண்டாவைக் கூட்டிக்கொண்டுதான் போகிறார். அவள் டார்ச் அடிப்பாள், இவர் கையை நீட்டி எடையைப் பார்ப்பார், இரண்டு பேருமாகச் சேர்ந்து கடைக்காரரிடம் ஒவ்வொரு கீறலுக்கும் சரித்திரம் கேட்பார்கள். இந்தக் குளிர்காலம் முழுவதும் இது நடக்கிறது, ஒன்றும் வாங்கினபாடில்லை. தார் வாசனை வண்டி வாசலில் வந்து நின்றால் அந்தக் கடைக்காரர் சாப்பிடப் போயிருப்பதாகப் பலகையைத் திருப்பிவிடுகிறார். அவர்கள் இருவரும் வண்டியிலேயே உட்கார்ந்து, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள்.