மேட்டுத் தெருவும் ஆற்றோரமும்

பதுளையில் எந்தப் பக்கம் குடியிருக்க நல்லது என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் வாயைத் திறப்பதில்லை. ஒரு முறை திறந்தேன். அன்று கேட்டவள் என்னைப் பெற்றவள்.

நான் மேட்டுத் தெருவில் இருந்தேன். கடைவீதியிலிருந்து முப்பது நாற்பது படி ஏறினால் வரும் தெரு. கீழே ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் எனக்கு வேலை. தம்பி மாட்டு வண்டி ஓட்டினான். மாடு கட்ட இடம் வேண்டுமென்று ஓயா ஆற்றின் ஓரத்தில் குடியிருந்தான். என் வாசலில் நின்று இருமினால் அவன் வீட்டு நாய் குரைக்கும், அவ்வளவு பக்கம். இரண்டு பேருமே பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, மீசை அரும்பிய வயதில் தேயிலைக்குத் தப்பி ஓடி வந்தவர்கள். ஆத்தா மட்டும் அங்கேயே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்.

தோட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையாக நிற்க வேண்டும். கங்காணி பெயர் கூப்பிடுவார். அங்கே பெயர் உள்ளவருக்குத்தான் லயத்தில் காம்பரா என்ற ஓர் அறை. ஆத்தாவின் விரல்கள் மடங்கிப்போய்க் கொழுந்து தவறத் தொடங்கியதும் அவள் பெயரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். இந்தியாவிலிருந்து புது ஆட்கள் வருகிறார்கள், மாதக் கடைசிக்குள் காம்பராவை விடு என்று உத்தரவும் வந்தது. அவள் ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பசறை ரோட்டில் நடந்தே என் வீட்டுக்கு வந்தாள்.

"ரெண்டு புள்ளையில யாரு கூட இருக்குறதுன்னு எனக்குத் தெரியலப்பா. எந்தப் பக்கம் நல்லதுன்னு நீயே சொல்லு" என்றாள்.

தோட்டத்துக்காரி ஓர் இடத்தை எடைபோடும் விதமே தனி. வீடு பெரிதா சிறிதா என்று பார்க்க மாட்டாள். லயத்தில் பீலிக் குழாய்த் தண்ணீருக்கும் விறகுக்கும் அலைந்தே காலம் போனவள் அல்லவா, முதல் கேள்வியே "பீலி எங்க இருக்கு?" என்பதுதான்.

"அதத்தான் கேக்காத ஆத்தா. தண்ணிக்கு அத்தன படியும் எறங்கி ஏறணும். ஒன் முட்டி தாங்காது. தம்பி வீட்டுல வாசல்லயே ஆறு. வெயிலு நல்லா அடிக்கும், குளுரே தெரியாது" என்றேன்.

எங்கள் வீட்டின் பின்சந்தில் பத்தடி தூரத்தில் குழாய் இருந்தது. அன்று என் மனைவி குடத்தை எடுத்துக்கொண்டு ஆத்தாவின் கண் முன்னால் படியிறங்கிப் போனாள். நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மாதிரி விஷயங்களில் எங்களுக்குள் பொருத்தம் நன்றாகவே இருந்தது.

ஆத்தா ஆற்றோரத்துக்குப் போனாள். நான்காம் நாள் மூட்டையோடு திரும்பி வந்தாள். தம்பி அவளிடம், "இங்க கொசுவும் காச்சலும் ஆத்தா. மழைக்கு ஓயா அடுப்பு வரைக்கும் வந்துரும். அண்ணன் இருக்குற மேடு ராசா இருக்குற எடம். கடை பக்கம், வைத்தியர் பக்கம்" என்று சொல்லி, சுவரில் சேற்றுக் கறையைத் தொட்டுக் காட்டியிருக்கிறான். அது மாடு உரசிய கறை. அந்தச் சுவருக்கு அவனோடு சேர்ந்து மண் பூசியவன் நான், எனக்குத் தெரியாதா?

நாங்கள் இதைக் கூடிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை. நான் என் தெருவை அவ்வளவு கேவலமாக அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. ஆத்தா மூன்று முறை ஏறினாள், மூன்று முறை இறங்கினாள்.

இடமில்லை என்று இப்போது சொன்னால் அது பொய். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் வயிறு நிறையத்தான் சோறு இருந்தது. எனக்கு வெட்கம், அவ்வளவுதான். அவள் கடை வாசலில் குந்திக்கொண்டு என் முதலாளியைத் "தொரை" என்று கும்பிட்டாள். நான் எங்கே பிறந்தவன் என்று கடைவீதி முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

ஒரு காலை அவளே, "நான் தோட்டத்துக்கே போறேன்ப்பா" என்று எழுந்தாள். என் தலையைத் தடவினாள். கண் கலங்கியிருந்தது. இருக்கச் சொல்லுவேன் என்று எதிர்பார்க்கிறாள் என நினைத்து, அவசர அவசரமாகக் கடைக்குக் கிளம்பினேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தம்பி வெளிறிப்போய் வந்தான். எங்கள் இரண்டு பேர் பெயரையும் தினமும் பெரட்டில் கூப்பிடுகிறார்களாம். அந்தப் பக்கம் போன வண்டிக்காரன் கேட்டுவிட்டு வந்திருக்கிறான்.

நாங்கள் சொன்னதையெல்லாம் ஆத்தா நம்பிவிட்டாள். நேரே கங்காணியிடம் போய், "எம் புள்ளைங்க ரெண்டும் டவுன்ல சீரழியுதுங்க ஐயா. ஒருத்தன் வீட்டுல தண்ணி இல்ல, ஒருத்தன் வீட்டுல காச்சலு. பேரு போடுங்க, வந்துருவாங்க" என்று கேட்டிருக்கிறாள். இரண்டு இளவட்டம் கிடைக்கிறதென்றால் எந்தக் கங்காணி வேண்டாம் என்பான்? காம்பராவை அவளுக்கே விட்டுவைத்து, அரைநாள் வேலைக்கு அரைப்பேரும் போட்டுக் கொடுத்திருக்கிறார். நாங்கள் அவளை விரட்டினோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பெயர் விழுந்த பிறகு போகாமல் இருந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று தம்பி நடுங்கினான். பெயரை எடுக்கச் சொல்ல நான் புறப்பட்டேன். கடைக்குப் போடும் கோட்டையும் காலில் சப்பாத்தையும் போட்டுக்கொண்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது பனி விலகவில்லை. பெரட்டு நடந்துகொண்டிருந்தது. கங்காணியிடம் தனியாகப் பேசலாம் என்று மரத்தடியில் ஒதுங்கினேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"வந்துட்டான் ஐயா" என்றது ஆத்தாவின் குரல். "அந்தா, மரத்தடியில நிக்கிறான் பாருங்க."

வரிசை முழுக்கத் திரும்பியது. நாங்கள் ஓடிப்போன பிறகு வந்த கங்காணி அவர், என்னைத் தெரியாது. கோட்டைப் பார்த்துத் தயங்கி, "நீங்க இந்தம்மா மகனுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. பசறைக்குப் போற வழியில சும்மா நின்னேன்" என்றேன்.

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த பெண்கள் நாலைந்து பேர் அந்த வரிசையில் நின்றார்கள். எல்லாரும் கூடையைச் சரிசெய்யக் குனிந்தார்கள்.

"என்ன கெழவி, ஆளத் தெரியாமப் பேசுற?" என்றார் கங்காணி.

ஆத்தா என்னைப் பார்த்தாள். கோட்டை, சப்பாத்தை, மறுபடி முகத்தை. பிறகு கங்காணி பக்கம் திரும்பி, "ஆமாங்க. எம் மகன் இல்லீங்க. கண்ணு சரியாத் தெரியல" என்றாள்.

அவள் கண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது. லயத்து இருட்டில் ஊசிக்கு நூல் கோப்பவள். என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

"கண்ணு தெரியாதவளுக்கு மலையில என்ன வேல? வராத மகனுங்க பேரச் சொல்லி இத்தன நாளு காம்பராவப் புடிச்சு வச்சிருக்க. கூடைய வச்சிட்டுப் போ" என்ற கங்காணி, எங்கள் மூன்று பேர் பெயரையும் பட்டியலில் அடித்துவிட்டார். ஆத்தா தலையில் மாட்டியிருந்த கயிற்றைக் கழற்றிக் கூடையைத் தரையில் வைத்தாள். நான் வந்த வழியே இறங்கினேன். கூட வா என்று கூப்பிடவில்லை.

தம்பி ஆற்றோரத்து வாசலிலேயே காத்திருந்தான்.

"பேர எடுத்துட்டாங்களாண்ணே?"

"எடுத்துட்டாங்க."

"ஆத்தா?"

"தோட்டந்தான் புடிச்சிருக்காம்."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவன் மாட்டைப் பூட்டப் போனான்.